குயின்ஸ்டன் வீட்டுப் பலகைக்கு ஒரு தமிழ்த் தாள்: நிகழ்வு ஆய்வு

பின்னணி

கனடாவின் ஒன்ராறியோ மாகாணத்தில், நயாகரா ஆற்றை ஒட்டி, குயின்ஸ்டன் என்றொரு சிற்றூர் இருக்கிறது. அருவியிலிருந்து பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர்தான். அங்கே லோரா சீகோர்ட் வாழ்ந்த வீடு இன்றும் பாதுகாக்கப்படுகிறது. 1812இல் தொடங்கிய பிரித்தானிய அமெரிக்கப் போரில் அமெரிக்கப் படை வரப்போகிற செய்தியைக் கால்நடையாகக் கொண்டுபோய்ச் சேர்த்த பெண்மணி அவர். அவர் பெயரில் சாக்லேட் விற்கும் நிறுவனம் 1970களின் தொடக்கத்தில் அந்த வீட்டைச் செப்பனிட்டது. 1998இல் அது நயாகரா பூங்கா ஆணையத்தின் கைக்கு வந்தது. கோடைகாலத்தில் அந்தக் காலத்து உடையணிந்த வழிகாட்டிகள் உள்ளே கூட்டிப்போய்க் காட்டுகிறார்கள்.

ரொறன்ரோ பெரும்பாகத்தில் இருக்கும் தமிழ் முதியோர் குழு ஒன்று ஒவ்வொரு கோடையிலும் நயாகராவுக்குப் பஸ் பிடித்துப் போகும். போகும் வழியில் குயின்ஸ்டன் குன்றில் நிறுத்திச் சாப்பிடுவார்கள். நிழலும் புல்வெளியும் உண்டு. அந்தப் போரில் இறந்த பிரித்தானியத் தளபதி ஜெனரல் புரொக்கின் நினைவுத்தூணும் அங்கேதான். குன்றின் அடிவாரத்தில் இருக்கும் சீகோர்ட் வீட்டை இடையில் ஒரு கோடையில்தான் பயணத்தில் சேர்த்தார்கள். அந்த வீட்டுக்காகத் தமிழில் ஒரு தாள் எழுதவேண்டி வந்தது. அதை எழுதியபோது எழுந்த கேள்விகளையும், எடுத்த முடிவுகளையும், பயண நாளில் நடந்ததையும் இங்கே பதிவு செய்கிறேன். இதே வேலையைச் செய்யும் மற்றக் குழுக்களுக்கு உதவும் என்பதே நோக்கம். குழுவில் இருந்தவர்களின் பெயர்களை அவர்கள் விருப்பப்படி தவிர்த்திருக்கிறேன். தாளை ஒழுங்குபடுத்தும் பொறுப்பு என்னிடம் இருந்தது.

முதல் நிறுத்தத்தில் கவனித்தது

அந்த முதல் கோடையில் வீட்டின் முன்னால் பஸ் நின்றதும் எல்லாரும் இறங்கினார்கள். வரலாற்றுப் பலகையின் பக்கத்தில் நின்று படம் எடுத்தார்கள், ஏறிவிட்டார்கள். பலகையை முழுக்க வாசித்தவர்கள் இரண்டு மூன்று பேர்தான். ஆங்கிலம் ஒரு தடை என்பது உண்மை. ஆனால் ஆங்கிலம் நன்றாகத் தெரிந்தவர்களும் வாசிக்கவில்லை. "இது சொக்லேட் கொம்பனிக்காரியின்ர வீடு" என்று ஒருவர் சொன்னார், மற்றவர்கள் தலையாட்டினார்கள். அது அவர்கள் குற்றம் இல்லை. கடைத்தொகுதிகளில் அந்தப் பெயரைச் சாக்லேட் பெட்டிகளில் பார்த்துப் பழகியவர்கள் அப்படித்தானே நினைப்பார்கள். அந்த நிறுவனம் 1913இல், லோரா நடந்த நடைக்குச் சரியாக நூறு ஆண்டு கழித்து, ரொறன்ரோவில் தொடங்கப்பட்டது. அவர் பெயரை வைத்துக்கொண்டதைத் தவிர அவருக்கும் அதற்கும் தொடர்பில்லை.

பலகை வைப்பவர்களுக்கு இடம் சில வரிகள்தான். யார், எப்போது, என்ன செய்தார் என்பதோடு இடம் முடிந்துவிடும். எனக்கு அதில் குறை சொல்ல மனமில்லை. ஆனால் இலங்கைப் போரின் நடுவே வாழ்ந்து வந்த முதியவர்கள், போரின் நடுவே வாழ்ந்த ஒரு பெண்ணின் வாசலில் நின்றுவிட்டு ஒன்றும் தெரியாமல் திரும்பியது உறுத்தியது. அடுத்த கோடைக்குத் தமிழில் ஒரு தாள் வேண்டும் என்று குழு முடிவெடுத்தது அதனால்தான்.

தாளை எழுதத் தொடங்கியபோது

எழுதும் பொறுப்பை இருவர் ஏற்றார்கள். ஒருவர் யாழ்ப்பாணத்தில் பல ஆண்டு வரலாறு படிப்பித்து ஓய்வு பெற்றவர். குழுவில் அவரை எல்லாரும் மாஸ்டர் என்றே கூப்பிடுவார்கள். மற்றவர் இங்கேயே பிறந்து, பல்கலைக்கழகத்தில் வரலாறு படிக்கும் ஒரு மாணவி. குழுவில் இருக்கும் ஒரு அம்மாவின் பேத்தி.

மாஸ்டர் எழுதிய முதல் வரைவு விறுவிறுப்பாக இருந்தது. காவலர்களை ஏமாற்ற லோரா ஒரு பசுவை ஓட்டிக்கொண்டு, கையில் பால் வாளியோடு, வெறுங்காலுடன் காட்டுக்குள் போகிறார். கனடாவில் பல தலைமுறைகள் கேட்டு வளர்ந்த கதை அது. மாணவி மூலங்களைத் தேடிப் பார்த்தாள். லோரா தாமே சொன்ன விவரங்களில் பசு இல்லை. 1864இல் வில்லியம் கொஃபின் எழுதிய நூலில்தான் அது முதன்முதலாக வருகிறது, நடந்து ஐம்பது ஆண்டுக்குப் பிறகு.

"ஐயா, பசுவை எடுத்துவிடுவோம்" என்று அவள் சொன்னபோது மாஸ்டருக்கு மனம் வரவில்லை. "பிள்ளை, கதையில உயிர் இருக்கிறதே அந்த இடத்திலதான். அதை எடுத்தால் சனம் என்னத்தைக் கேட்கும்?" என்றார். அந்தக் கேள்வியை நாங்கள் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. பஸ்ஸில் அரைத் தூக்கத்தில் இருப்பவர்களை நிமிர்ந்து உட்காரவைக்க எதைச் சொல்வது என்பது உண்மையான சிக்கல்தான்.

மாணவி தேடத் தேட, பசுவை விடப் பெரிய கேள்விகள் வந்தன. முதலில், உறுதியாகத் தெரிந்தவை. லோரா இங்கர்சொல் 1775இல் மசாசூசெட்ஸில் பிறந்தவர். அதாவது, பின்னாளில் எதிரி நாடாகப்போகும் மண்ணில். 1795இல் அவருடைய தந்தை குடும்பத்தோடு மேல் கனடாவுக்கு, அதாவது இன்றைய ஒன்ராறியோவுக்கு, வந்தார். ஜேம்ஸ் சீகோர்ட்டை மணந்து லோரா குயின்ஸ்டனில் குடியிருந்தார். 1812 ஒக்டோபர் 13ஆம் தேதி நடந்த குயின்ஸ்டன் குன்றுச் சண்டையில் ஜெனரல் புரொக் இறந்தார்; ஜேம்ஸ் காலிலும் தோளிலும் காயப்பட்டார். அடுத்த மே மாதம் அமெரிக்கர் ஜோர்ஜ் கோட்டையைப் பிடித்தார்கள். அப்புறம் குயின்ஸ்டனும் அவர்கள் கைக்குள் வந்தது.

1813 ஜூன் 22 காலையில் லோரா புறப்பட்டார். பிரித்தானிய லெப்டினன்ட் ஜேம்ஸ் ஃபிட்ஸ்கிப்பன் தங்கியிருந்த டிகியூ வீட்டைத் தாக்க அமெரிக்கர் வரப்போகிறார்கள் என்ற செய்தியோடு. கணவரால் நடக்க முடியாது. நேர்வழியில் காவல் இருந்ததால் செயின்ட் டேவிட்ஸ் வழியாகச் சுற்றிப் போனார். அங்கிருந்து உறவுக்காரப் பெண் எலிசபெத் கூட வந்தாள். பாதி வழியிலேயே அவளால் முடியவில்லை. சதுப்பு நிலமும் ஓடையும் கடந்து, மலைச்சரிவு ஏறி, ஏறத்தாழ 32 கிலோமீட்டர். கடைசியில் முதற்குடி வீரர்களின், அதாவது அந்த மண்ணின் பூர்வீகக் குடிகளைச் சேர்ந்த வீரர்களின், முகாமில் போய்ச் சேர்ந்தார். அவர்கள்தான் அவரை ஃபிட்ஸ்கிப்பனிடம் கூட்டிப்போனார்கள்.

இரண்டு நாள் கழித்து, ஜூன் 24 அன்று, பீவர் டேம்ஸ் என்ற இடத்தில் அமெரிக்கப் படை மரங்களின் நடுவே மறிக்கப்பட்டது. லெப்டினன்ட் கேணல் போர்ஸ்ட்லரும் அவருடைய 400க்கும் மேற்பட்ட ஆட்களும் சரணடைந்தார்கள்.

கேள்விகள் இதற்குப் பிறகுதான். ஃபிட்ஸ்கிப்பன் அப்போது மேலிடத்துக்கு எழுதிய அறிக்கையில் லோராவின் பெயரே இல்லை. அமெரிக்கப் படை ஜோர்ஜ் கோட்டையிலிருந்து புறப்பட்டதோ ஜூன் 23ஆம் தேதி. அப்படியென்றால் முதல் நாள் காலையிலேயே புறப்பட்ட பெண்ணுக்குச் செய்தி எப்படித் தெரியும்? 1932இல் வரலாற்றாசிரியர் ஸ்டூவர்ட் வாலஸ் இதையெல்லாம் வைத்து, அவருடைய பங்கு பெரிதில்லை என்றே எழுதினார். லோராவின் சொந்த விவரங்களும், தமக்குச் செய்தி எப்படிக் கிடைத்தது என்ற இடத்தில், தெளிவாக இல்லை.

இதற்குப் பதில் ஒரு சான்றிதழில் இருந்தது. ஃபிட்ஸ்கிப்பன் சீகோர்ட் குடும்பத்துக்காக 1820, 1827, 1837 என மூன்று முறை சான்றெழுதிக் கொடுத்திருக்கிறார். 1827ஆம் ஆண்டுச் சான்றிதழ் 1959இல்தான் ஆய்வாளர் கைக்குக் கிடைத்தது. அதில் அவர், லோரா ஜூன் 22 அன்று வந்து செய்தி சொன்னதையும், அதை நம்பி அன்றிரவே தம் ஆட்களையும் முதற்குடி வீரர்களையும் மறிப்பதற்கு நிறுத்தியதையும், எதிரி 24 காலையில்தான் வந்ததையும் எழுதியிருக்கிறார். நாட்கணக்குச் சிக்கல் அங்கே பெருமளவு அவிழ்ந்துவிடுகிறது. பெயரை ஏன் அறிக்கையில் போடவில்லை? குயின்ஸ்டன் அப்போதும் எதிரியின் கையில் இருந்தது. குடும்பத்தைக் காக்கத்தான் என்று பலர் விளக்குகிறார்கள். எனக்கும் அது பொருத்தமாகவே படுகிறது.

இன்னொன்றும் வெளியே வந்தது. பீவர் டேம்ஸில் சண்டை பிடித்தவர்கள் யார்? மொன்றியல் பக்கத்தில் உள்ள கானவாகேயிலிருந்தும் மற்ற இடங்களிலிருந்தும் வந்த, மோஹாக் என்ற முதற்குடி இன வீரர்கள், ஏனைய முதற்குடியினர். டொமினிக் டுஷார்ம், வில்லியம் கெர் என்ற பிரித்தானியப் பக்க அதிகாரிகள் அவர்களோடு இருந்தார்கள். ஃபிட்ஸ்கிப்பனிடம் சுமார் 50 சிப்பாய்கள். அவர் வந்து சரணடையும்படி கேட்டு ஒப்பந்தம் பேசினார். தம் பக்கத்தில் முதற்குடி வீரர்களைத் தவிர வேறு யாரும் ஒரு வெடிகூட வைக்கவில்லை என்று 1818இல் கெருக்கு எழுதிய கடிதத்தில் அவரே சொல்கிறார். சண்டை பிடித்தவர்கள் கானவாகே ஆட்கள், கொள்ளைப் பொருள் மற்ற மோஹாக்கினருக்கு, பெயர் ஃபிட்ஸ்கிப்பனுக்கு என்று மோஹாக் போர்த்தலைவர் ஜான் நார்ட்டன் சொன்னதாக ஒரு பேச்சு அந்தக் காலத்திலிருந்தே உண்டு. பலகை ஒருவரின் பெயருக்கு வைக்கப்படுவது; இத்தனை பேர் அதில் அடங்க மாட்டார்கள்.

எடுத்த முடிவுகள்

வீரத்தைப் புகழ்ந்து எழுதுவதா, சான்றுகளைச் சொல்வதா என்பதுதான் முக்கியமான முடிவு. சான்றுகளைச் சொல்வது என்று தீர்மானித்தோம். காரணம் ஒன்றுதான்: லோராவின் வாழ்க்கையில் எனக்குப் பெரிதாகத் தெரிவது அந்த ஒரு நாள் நடை மட்டும் இல்லை. அதை நிரூபிக்க அவர் காத்திருந்த காலமும்தான். 1839இல் குயின்ஸ்டன் ஓடத்துறையை நடத்தும் உரிமை கேட்டார், கிடைக்கவில்லை. 1841இல் கணவர் இறந்ததும் ஓய்வூதியம் கேட்டார், அதுவும் இல்லை. பிள்ளைகளுக்குப் படிப்பித்துச் சீவித்தார். 1860இல் வேல்ஸ் இளவரசர் நயாகரா வந்தபோது, போரில் இருந்த முதியவர்கள் கொடுத்த வரவேற்பு மடலில் தம் பெயரையும் சேர்க்க நின்றார். தம் கதையையும் எழுதிக் கொடுத்தார். அடுத்த ஆண்டு இளவரசர் 100 பவுண் அனுப்பினார். லோராவுக்கு அப்போது 85 வயது. அரசதரப்பிலிருந்து அவர் கையில் கிடைத்த ஒரே வெகுமதி அதுதான். 1868இல் 93 வயதில் இறந்தார். சிலைகளும் அஞ்சல்தலையும் காசும் எல்லாம் பிறகு வந்தவை.

பசுவைத் தாளில் வைத்தோம், ஆனால் "1864இல் ஒரு எழுத்தாளர் சேர்த்தது" என்று அதே வரியில் எழுதி. மாஸ்டருக்கு இது முழு நிறைவில்லை. இருந்தும் ஒப்புக்கொண்டார், கடைசி வரைவில் அந்த வரியைச் செதுக்கியவரும் அவரே.

முதற்குடி வீரர்களுக்குத் தனியாக ஒரு பத்தி கொடுத்தோம். மாணவி இதில் விட்டுக்கொடுக்கவே இல்லை, அவள் பக்கம்தான் சரி.

நம் போரைப் பற்றி ஒரு சொல்லும் தாளில் வேண்டாம் என்பது நான் வற்புறுத்திய முடிவு. மாஸ்டர் ஒப்பிட்டு ஒரு பத்தி எழுதியிருந்தார், உணர்ச்சியோடு. ஆனால் அந்தப் பஸ்ஸில் வருபவர்கள் ஒவ்வொருவரும் ஒவ்வொரு விதமாக இழந்தவர்கள். யாருடைய நினைவையும் நாங்கள் முந்திக்கொண்டு கிளறக்கூடாது. பேச விரும்புபவர்கள் தாங்களாகப் பேசட்டும்.

எழுத்தைப் பெரிதாக்கினோம், இரண்டு பக்கத்துக்கு மேல் போகவிடவில்லை. பஸ்ஸில் ஒலிவாங்கியில் வாசித்துவிட்டுப் பிறகு கையில் கொடுப்பது என்று வைத்துக்கொண்டோம்.

பயண நாள்

மாணவி வாசித்தாள். பசு வந்த இடத்தில் சிரிப்பு எழுந்தது. சான்றிதழ் பகுதிக்கு வந்தபோது பஸ் அமைதியானது. மனு, மறுப்பு, மறுபடி மனு என்று போகும் அந்தப் பகுதி அலுப்புத் தட்டும் என்று நாங்கள் பயந்த பகுதி. அதைத்தான் அவர்கள் உன்னிப்பாகக் கேட்டார்கள்.

வீட்டின் முன்னால் இறங்கியதும் பலர் இந்தத் தடவை பலகையிடம் நின்றார்கள். தாளைக் கையில் வைத்துக்கொண்டு, பலகையில் இருக்கும் ஆண்டை விரலால் தொட்டுத் தொட்டு ஒத்துப்பார்த்தார் ஒருவர். உள்ளே அடுப்படிக்குப் போனோம். எழுபது வயது கடந்த ஒரு அம்மா, தாளில் இல்லாத ஒன்றை மாணவியிடம் கேட்டார்:

"பிள்ளை, இந்த மனுசி விடியவெள்ளெனப் போயிட்டா. மனுசனுக்கு நடக்கேலாது. பிள்ளையளை ஆர் பாத்தது?"

மாணவியிடம் உடனடிப் பதில் இல்லை. 1813இல் லோராவுக்கு ஐந்து பிள்ளைகள், கடைசிப் பெண்ணுக்கு மூன்று வயதுதான் என்பது மட்டும் அவளுக்குத் தெரிந்திருந்தது. அதைச் சொன்னாள். மூத்த மகளுக்கு? பதின்மூன்று, பதினான்கு வயது இருக்கும். "அப்ப அவதான்" என்றார் அந்த அம்மா. வேறு பேச்சு வைக்கவில்லை.

அவர் 1995 ஒக்டோபர் இறுதியில் யாழ்ப்பாணத்திலிருந்து தென்மராட்சிக்கு மழையில் நடந்து போனவர். ஒரே இரவில் பல்லாயிரக்கணக்கானோர் நாவற்குழிப் பாலத்தை நெருக்கியடித்துக் கடந்த அந்த இடப்பெயர்வு. வீட்டுக்கு வெளியே வந்து மர நிழலில் உட்கார்ந்ததும் தன் பாட்டில் சொன்னார்: சின்னவனைத் தூக்கிக்கொண்டு நடந்தது மூத்தவள்தான், தான் மாமியாரைத் தாங்கிக்கொண்டு வந்தேன் என்று. பக்கத்தில் இருந்த இன்னொரு அம்மா வேறு இடத்தைத் தொட்டார். கனடாவில் அகதி விண்ணப்பம் கொடுத்தபோது தனக்கு நடந்ததைச் சொல்ல ஆள் இல்லை, கடிதம் இல்லை என்றார். "இந்த மனுசிக்கு ஒரு ஓபிசராவது எழுதிக் குடுத்திருக்கிறான். என்னட்டை ஒண்டும் இருக்கேல்லை." அவருடைய விண்ணப்பம் கடைசியில் ஏற்கப்பட்டது, ஆண்டுகள் போனது தனிக்கதை.

அருவிக்குப் போக நேரமாகிவிட்டது என்று சாரதி நினைவூட்டினார். யாரும் எழுந்திருக்க அவசரப்படவில்லை. பயண ஒழுங்கைப் பார்த்த நண்பர் அருவியில் நிற்கும் நேரத்தைக் குறைத்தார். அது நல்ல முடிவு. அருவியை அவர்கள் பல தடவை பார்த்தவர்கள்.

எல்லாரும் அப்படி உணரவில்லை என்பதையும் பதிவு செய்யவேண்டும். இரண்டொருவர் ஐஸ்கிரீம் வாங்கிக்கொண்டு பஸ்ஸுக்கே திரும்பிவிட்டார்கள். "பிக்னிக்குக்கு வந்தது, பள்ளிக்கூடத்துக்கு இல்லை" என்றார் ஒரு ஐயா. அவர் சொன்னதிலும் நியாயம் இருக்கிறது.

பிறகு நடந்தவை

அடுத்த கூட்டத்தில் தாளைத் திருத்தினோம். பிள்ளைகளின் பெயரையும் வயதையும் சேர்த்தோம்: மேரி, சார்லட், ஹாரியட், சார்ல்ஸ், அப்பலோனியா. போருக்குப் பிறகு இன்னும் இரண்டு பெண்கள் பிறந்தார்கள். தாளில் புகழ்ச்சியாக மிஞ்சியிருந்த ஒன்றிரண்டு வரிகளை வெட்டித்தான் இதற்கு இடம் பிடித்தோம்.

மூத்த மகள்தான் பார்த்துக்கொண்டாள் என்று எழுதலாமா என்று ஒரு பேச்சு வந்தது. எழுதவில்லை. அந்த அம்மாவின் ஊகம் எனக்கும் சரியென்றே படுகிறது. ஆனால் கொஃபினின் பசுவும் இப்படி ஒரு நல்ல ஊகமாகத்தான் தொடங்கியிருக்கும்.

மாணவி, வீட்டைச் சுற்றி முடிந்த பயணத்தை டிகியூ வீடு வரை நீட்டவேண்டும் என்று கேட்டாள். அந்த வீடு இருபதாம் நூற்றாண்டில் தீயில் அழிந்தது. தோரோல்ட் பக்கத்தில் அதன் கல் அடித்தளம் மட்டும் நிற்கிறது. குயின்ஸ்டனிலிருந்து அதுவரை லோராவின் பெயரில் ஒரு நடைபாதையும் உண்டு. முழுத் தூரம் நடக்க நம் முதியவர்களால் ஆகாது. பஸ்ஸில் போய் இறங்கலாம். மாஸ்டர் இதற்கு முழு ஆதரவு. குயின்ஸ்டனில் தொடங்கி டிகியூவில் முடித்தால்தான் தூரம் எவ்வளவென்று உடம்புக்குப் புரியும் என்றார்.

அடுத்த முறை மாற்றவேண்டியவை

தாளைப் பயண நாளில் கொடுக்காமல் ஒரு கிழமைக்கு முன்பே கொடுக்கவேண்டும். வீட்டில் வாசித்து, பேரப்பிள்ளைகளோடு கதைத்து, கேள்விகளோடு வருவார்கள்.

பீவர் டேம்ஸ் பகுதி பஸ்ஸில் சரியாகப் போய்ச் சேரவில்லை. கானவாகே எங்கே இருக்கிறது, மொன்றியல் பக்கத்திலிருந்து அந்த வீரர்கள் அவ்வளவு தூரம் ஏன் வந்தார்கள் என்று ஒரு ஐயா கேட்டார். தாளில் அதற்கு இடம் வைத்திருக்கவில்லை. முதற்குடி மக்களைப் பற்றி அவர்களில் ஒருவரே வந்து பேசினால் இன்னும் நல்லது. அதற்கு ஏற்பாடு செய்ய ஒருவர் பொறுப்பெடுத்திருக்கிறார்.

மர நிழலில் நடந்த பேச்சுத்தான் எனக்கு அதிகம் யோசனை தருகிறது. அந்த இரண்டு அம்மாக்களும் சொன்னதை ஒலிப்பதிவு செய்யலாம் என்று சிலர் கேட்டார்கள். அகதி விண்ணப்பத்தைப் பற்றிச் சொன்னவர் சம்மதித்தார், மகள் கூட இருக்கவேண்டும் என்ற நிபந்தனையோடு. மற்றவர் வேண்டாம் என்றுவிட்டார். மறுபடி கேட்பதில்லை என்று குழு முடிவெடுத்தது. வரும் பயணத்தில் குயின்ஸ்டனில் ஒன்றரை மணி நேரம் ஒதுக்குகிறோம். அதில் அரை மணி நேரத்துக்கு நிகழ்ச்சி எதுவும் கிடையாது, ஒலிவாங்கி பஸ்ஸிலேயே இருக்கும்.